துடுப்பைக் கைவிடும் நேரம்

தனியொருவராகத் துடுப்பு வலித்துப் பெருங்கடலைக் கடக்கப் புறப்பட்டவர் பாதி வழியில் மீட்கப்பட்டார் என்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘பாவம், தோற்றுவிட்டார்’ என்பது ஒன்று. ‘யார் போகச் சொன்னார்கள்? காப்பாற்றிய செலவை அவரிடமே வசூலிக்க வேண்டும்’ என்பது மற்றொன்று. முன்னதில் இரக்கம், பின்னதில் சினம். நடுக்கடலில் அபாய அறிவிப்புக் கருவியை இயக்குவதா வேண்டாமா என்று ஒருவர் எடுக்கும் முடிவின் கனத்தை இரண்டுமே எண்ணிப் பார்ப்பதில்லை.

டோரி மர்டன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1998 ஜூனில் வட கரோலினாக் கரையிலிருந்து பிரான்சை நோக்கி, ‘அமெரிக்கன் பேர்ல்’ என்ற சிறு படகில் அவர் தனியே புறப்பட்டார். தொடக்கத்திலேயே கரையோடு பேசும் தொடர்பு அறுந்துபோயிற்று. ஆயினும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் துடுப்பு வலித்தார். செப்டம்பரில் டேனியல் என்ற சூறாவளியில் சிக்கிப் படகு மீண்டும் மீண்டும் கவிழ்ந்தது. அபாயக் கருவி கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. எனினும் சூறாவளி உச்சத்தில் இருந்தவரை அவர் அதை இயக்கவில்லை. தம்மைக் காக்க வருவோரின் உயிரை அந்தக் கொந்தளிப்புக்குள் இழுக்க அவர் மனம் ஒப்பவில்லை. சீற்றம் தணிந்த பின்னரே இயக்கினார். சரக்குக் கப்பல் ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டது.

அந்தக் கருவி எழுப்பும் குறிப்பலையைச் செயற்கைக்கோள்கள் பற்றித் தரையிலுள்ள மீட்பு மையங்களுக்கு அனுப்புகின்றன. பனிப்போரின் நடுவிலும் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்சு ஆகிய நாடுகள் கூடி உருவாக்கிய ‘காஸ்பாஸ் சார்சாட்’ என்ற ஏற்பாடு அது. அருகில் எந்தக் கப்பல் இருக்கிறதோ அது வழி மாறி வரவேண்டும். தன் கப்பலுக்கும் மாலுமிகளுக்கும் பேராபத்து நேராத அளவில், கடலில் தத்தளிப்பவருக்கு உதவுவது கப்பல் தலைவரின் கடமை என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை கூறுகிறது. தத்தளிப்பவர் வயிற்றுப்பாட்டுக்காகச் சென்ற மீனவரா, விரும்பிச் சென்ற சாகசக்காரரா என்று அச்சட்டம் வினவுவதில்லை. வினவத் தொடங்கினால் எந்த உயிருக்கு எவ்வளவு விலை என்று நடுக்கடலில் கணக்குப் பார்க்க நேரும்.

மர்டன் காத்திருந்தார் என்பதால் எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. லித்துவேனியாவைச் சேர்ந்த ஆரிமாஸ் மோக்கஸ் 2024 அக்டோபரில் சான் டியாகோவிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கித் தனியே துடுப்பு வலித்து வந்தார். பசிபிக்கை ஏறக்குறைய முழுவதும் கடந்துவிட்ட நிலையில், பவழக் கடலில் ஆல்பிரெட் புயல் அவரைச் சூழ்ந்தது. அபாயக் கருவியை இயக்கினார். சில நாட்களில், 2025 மார்ச்சுத் தொடக்கத்தில், ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பலான ‘சூல்ஸ்’ அவரை மீட்டது. கரை அவ்வளவு அருகில் இருக்கையில் கைவிடுவதற்கு வேண்டிய நெஞ்சுரம், புறப்படுவதற்கு வேண்டியதிலும் குறைந்ததன்று.

மீட்புச் செலவை வசூலிக்க வேண்டும் என்போருக்கு நம் மறுமொழி இதுதான். பிறர் உயிரை எண்ணித் தாமதிப்பது வேறு. கட்டவேண்டிய தொகையை எண்ணித் தாமதிப்பது வேறு. பின்னதில் படகு உடையும், உடல் தளரும், காற்று வலுக்கும். இறுதியில் காக்க வருவோர்க்கே இடர் மிகும். கேட்க வேண்டியவற்றைப் புறப்படும் முன் கேட்போம்: தகுந்த படகு, பழுதற்ற கருவிகள், பருவத்தை அறிந்த புறப்பாடு. காலமறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த மொழி நம்முடையது. ஆனால் அதே மொழிதான், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரனையும் போற்றியது. கடலோடு பொருதுபவரை அந்தப் புறப்புண்ணின் அளவுகோலால் நாம் அளக்கலாகாது. கடல் பகைவன் அன்று. அதன் முன் திரும்புவதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

மர்டன் 1999இல், மீட்கப்பட்ட அதே படகில் கேனரித் தீவுகளிலிருந்து புறப்பட்டு, 81 நாட்களில் குவாதலூப்பை அடைந்தார். அட்லாண்டிக்கைத் தனியே துடுப்பு வலித்துக் கடந்த முதல் பெண் என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. இவ்வெற்றியைக் காட்டி முந்தைய ஆண்டின் முடிவை நியாயப்படுத்த நாம் விரும்பவில்லை. அவர் மறுபடி கடலுக்கே போகாமல் இருந்திருந்தாலும் 1998இல் எடுத்த முடிவு சரியானதே. வழிமாறி வந்த கப்பலின் மாலுமிகளும் அவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அதைத் தோல்வி என்று எழுதும் பழக்கத்தை நம் நாளேடுகள் விட்டொழிக்கட்டும்.