எல்லாமே ‘நைஸ்’தானா?

தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ரசமும் நைஸ், பாட்டும் நைஸ், எதிர்வீட்டு மாமியும் நைஸ். ஆங்கிலம் பேசட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் கதையைப் பாருங்கள்: லத்தீனில் அறியாமை; இடைக்கால ஆங்கிலத்தில் மூடத்தனம்; பிறகு நுட்பம்; கடைசியில்தான் இனிமை. கண்டதற்கெல்லாம் அதைச் சொல்வதை 1817-இல் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’ நாவலிலேயே ஜேன் ஆஸ்டின் கேலி செய்துவிட்டார்! நாமோ மாவை நைஸாக அரைக்கிறோம், கூட்டத்திலிருந்து நைஸாக நழுவுகிறோம். அது நம் சாமர்த்தியம். ஆனாலும் ரசம் ருசி, ரவிக்கைத் தையல் நேர்த்தி, மாமி தங்கமானவர் என்று பிரித்துச் சொல்லும் வாய் பிள்ளைகளுக்கு வேண்டாமா? ஜனவரிக் குளிரில் மொட்டைமாடி வெயிலில் உட்காரும்போது, ‘இதமாக இருக்கிறது’ என்று நீங்கள் முதலில் சொல்லுங்களேன்.