சொட்டு மருந்தும் அண்டை வீட்டாரும்



இயற்கைக் கிருமியால் வரும் இளம்பிள்ளை வாதம் 2009ஆம் ஆண்டில் நம் நாட்டில் 741 பேரைத் தாக்கிற்று. கடைசியாக 2011 ஜனவரியில் ஹௌரா மாவட்டத்துப் பெண் குழந்தை ஒன்றைத் தாக்கியதோடு அது ஓய்ந்தது. 2014 மார்ச் 27இல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கு நற்சான்றும் கிடைத்தது. இவ்வெற்றியில் மருந்தின் பங்கை யாவரும் அறிவர். வீடு வீடாக நடந்த பெண்களின் பங்கை அறிந்தோர் சிலரே.

மேற்கு உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் முதலிய மாவட்டங்களில், இம்மருந்து பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் பரவியிருந்தது. மருந்து பெறாத குழந்தையுள்ள வீட்டின் கதவில் ‘எக்ஸ்’ என்றும், ஏனைய வீடுகளில் ‘பி’ என்றும் குறியிட்டனர். “சாக்கடையைச் சீர்செய்ய வராதவர்கள், இதற்கு மட்டும் ஏன் ஓயாமல் வருகிறீர்கள்?” என்று மக்கள் கேட்டனர். அக்கேள்வியை அறியாமை என்று தள்ளுதல் முறையன்று.

அதிகாரத்தால் ஆகாததை அயலார் சொல் சாதித்தது. யுனிசெப் துணையுடன் அந்தந்தத் தெருப் பெண்களே பணியில் அமர்த்தப்பட்டனர். ஒருவருக்குச் சுமார் 500 வீடுகள். எவ்வீட்டில் பிரசவம், எவ்வீட்டில் மாமியார் தடை என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை. கை கழுவுதல், வயிற்றுப்போக்கு, தாய்ப்பால் பற்றியும் அவர்கள் பேசினர். இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மருந்து நாளை அறிவித்தனர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணை நின்றன. 2010இல் வந்த இருவகை மருந்தும் உதவிற்று. கதவுகளில் ‘எக்ஸ்’ மறைந்து ‘பி’ பெருகிற்று.

ரயில் நிலையங்களிலும் ஓடும் வண்டிகளிலுங்கூட மருந்து புகட்டி, குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மையிட்டனர். இடம் பெயரும் குடும்பத்தின் குழந்தையே எளிதில் விடுபடும் என்பதே காரணம்.

நாமும் இடம் பெயர்ந்தவர்களே. மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திரங்களைக் கணக்கிட்டுக் கட்டுகிறோம். குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் அவ்வாறே பத்திரப்படுத்துவோமாக. புதிய ஊரில் ‘ஆஷா’ பணியாளர் கதவைத் தட்டும்போது, மொழி புரியவில்லை என்று திருப்பி அனுப்பலாகாது. இருமொழியும் அறிந்த நம் சகோதரிகள், புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவரோடு உடன் செல்வார்களாயின், அதைவிடச் சிறந்த சங்கப் பணி வேறில்லை.