டீஃபால்ட்ல விட்டா கேள்விக்குறிதான்!

2006-ல புனே வந்த புதுசு. ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியலை கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலை. எல்லாம் மராத்திப் பேரு. ரெண்டு பசங்க பழைய லெட்ஜரைப் பார்த்து நாள் முழுக்கத் தட்டினாங்க. ஒரு எர்ரர் வரலை. தட்டினதைத் திரும்பக் காட்டற ஸ்க்ரீனை நான் இன்னும் எழுதியிருக்கலை (அது தனி சோம்பேறித்தனம்). மாசக் கடைசியில பிரிண்ட் எடுத்தா, பேரு இருக்க வேண்டிய இடமெல்லாம் ???????. தேஷ்பாண்டேயும் கேள்விக்குறி, ஜாதவும் கேள்விக்குறி. என்னா சமத்துவம்!

விஷயம் இதுதான். அப்பல்லாம் மைஎஸ்க்யூஎல்ல எதுவும் சொல்லாம டேபிள் உருவாக்கினா அது லத்தீன்1-ல போய் நிக்கும், வரிசைப்படுத்தறது ஸ்வீடிஷ் முறையில. அதை உருவாக்கின கம்பெனி ஸ்வீடன்ல இருந்தது, அவங்களுக்கு அது சரி. நம்ம எழுத்து வந்தா ஒரு ? போட்டு, சத்தமில்லாம ஒரு வார்னிங் குடுத்துட்டுப் போயிடும். அந்த வார்னிங்கை யாரு படிக்கிறா? ? ஆனதுக்கப்புறம் பழைய எழுத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. மறுபடி லெட்ஜர், மறுபடி தட்டச்சு. டேபிளை உருவாக்கினது நான். தட்டினது அந்தப் பசங்க. அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே...

யூனிகோட்னு சொன்னாலே "இடத்தை அடைக்கும் சார்"னு ஒருத்தர் கிளம்புவார். யூடிஎஃப்8-ல இங்கிலீஷ் எழுத்துக்கு எப்பவும் போல ஒரே பைட்தான். நமக்குத்தான் மூணு மூணா போகும். எங்கப்பா பேரு கிருஷ்ணமூர்த்தி, புள்ளி கொம்பெல்லாம் சேர்த்து 15 குறி, 45 பைட். போனா போகட்டுமே, பேரு முழுசா இருக்கே! பழைய வெர்ஷன்கள்ல இண்டெக்ஸ் 767 பைட்டைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு தொல்லை இருந்தது நிஜம். அதுக்காகப் பேரைத் தொலைக்க முடியுமா?

இன்னொரு பொறி. மைஎஸ்க்யூஎல்ல "யூடிஎஃப்8"னு போட்டா அது எழுத்துக்கு மூணு பைட்டோட நின்னுடும். தமிழுக்கும் மராத்திக்கும் போதும், ஆனா நாலு பைட் கேக்கற எமோஜி வந்தா அவ்ளோதான். சரியான பேரு யூடிஎஃப்8எம்பி4. 2010-லயே வந்தாச்சு, ஆனா டீஃபால்ட் ஆக 2018-ல 8.0 வெர்ஷன் வரவேண்டியிருந்தது. அப்கிரேட் பண்ணிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க மக்களே, பழைய டேபிள்கள் பழைய எழுத்துமுறையிலயேதான் இருக்கும். நாமதான் மாத்தணும்.

நான் இப்ப டேட்டாபேஸ் உருவாக்கும்போதே எம்பி4-னு எழுதிடறேன், கனெக்‌ஷன்லயும் அதே. ஸ்ட்ரிக்ட் மோட் ஆன். தப்புன்னா சத்தம் போட்டு நிக்கட்டும். புது சர்வர் கைக்கு வந்ததும் முதல்ல உள்ள போறது கிருஷ்ணமூர்த்தி, பின்னாடியே ஒரு சிரிப்பு பொம்மை. ரெண்டும் பத்திரமா வெளிய வந்தாத்தான் மத்த வேலை.