அறியாதவன் பகைவன் அல்லன்

கற்றவர் யாவரும் ஒரு காலத்தில் கல்லாதவராய் இருந்தவரே. இவ்வெளிய உண்மையை வகுப்பறையில் ஏற்றுக்கொள்ளும் நாம், ஆடுகளத்தில் மறந்துவிடுகிறோம். அம்மறதியால் ஓர் இளைஞர் அடைந்த துன்பமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

நமக்குத் தெரிந்த ஒரு மாணவர் விடுதி. மூத்த மாணவர் நால்வர் இரவு உணவுக்குப்பின் 'டோட்டா 2' என்னும் இணைய விளையாட்டை ஆடும் வழக்கமுடையவர். ஐந்தாமவர் ஊருக்குச் சென்றிருந்த ஒரு நாளில், பக்கத்து அறையின் முதலாண்டு மாணவரை அழைத்து அமர்த்தினர். அவர் அவ்விளையாட்டை அதற்குமுன் ஆடியதில்லை. பத்து நிமிடங்களுக்குள் அவருடைய வீரன் ஆறுமுறை மடிந்தான். ஒவ்வொரு முறையும் ஏச்சு. ஏச்சின் நடுவே நால்வரிடமிருந்தும் நான்கு வேறு கட்டளைகள். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் எழுந்து சென்றார். அதன்பின் அவ்வறைப் பக்கம் வரவில்லை. உணவுக்கூடத்திலும் அந்நால்வர் அமரும் மேசையைத் தவிர்த்தே நடந்தார். ஒரு விளையாட்டில் தோற்றதோடு நில்லாமல், நான்கு அண்ணன்மாரையும் அவர் இழந்தார். அவர்களும் ஒரு தம்பியை இழந்தனர்.

இது சிறிய செய்திதானே எனலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

விளையாட்டின் இயல்பு

மூத்தோர் பலர் இவ்விளையாட்டை அறிந்திருக்கமாட்டார்கள். ஆதலின் சுருங்கச் சொல்வோம். 2003-ஆம் ஆண்டில் 'வார்கிராஃப்ட் 3' என்னும் விளையாட்டின்மீது ஆர்வலர்கள் தாமே அமைத்த களமாக டோட்டா தோன்றியது. அதன் வழித்தோன்றலான டோட்டா 2-ஐ 'வால்வ்' நிறுவனம் 2013-இல் முறைப்படி வெளியிட்டது. அணிக்கு ஐவராக இரண்டு அணிகள். களத்தில் மூன்று பாதைகள். இடையே ஓர் ஆறு. எதிரணியின் கோட்டைக்குள் இருக்கும் மூலக் கட்டடத்தைத் தகர்ப்பவர் வெல்வர். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வீரனைத் தேர்ந்துகொள்ளலாம். அத்தகைய வீரர்கள் 120-க்கும் மேற்பட்டோர். ஒவ்வொருவனுக்கும் ஆற்றல் வேறு, பயன்படும் முறை வேறு. வாங்கத்தக்க படைக்கலங்களும் பொருள்களும் மிகப் பல.

அரை மணி நேரத்திற்கு மேல் நீளும் ஆட்டத்தின் நடுவே எழுந்து போகவும் இயலாது. போனவர் தண்டனையாகத் தனி வரிசையில் ஆட வேண்டிவரும். ஆகவே, ஒருமுறை உள்ளே வந்த புதியவர் முடிவுவரை ஏச்சைக் கேட்டே தீரவேண்டும் என்பது இதன் அமைப்பிலேயே உள்ள கொடுமை.

கெவின் கோடெக் என்பவர் 'பர்ஜ்' என்னும் பெயரால் இவ்விளையாட்டுலகில் அறியப்பட்டவர். புதியவர்க்கென அவர் எழுதிய கையேடு ஒன்று பெரும் புகழ் பெற்றது. "டோட்டாவுக்கு வருக, உமக்கு ஆட வராது" என்பது அதன் தலைப்பின் கருத்து. வேடிக்கையாகத் தோன்றினும் அதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆட வராமை குற்றமன்று. அது எல்லார்க்கும் உரிய தொடக்கநிலை என்பதை முதல் வரியிலேயே அது கூறிவிடுகிறது.

சினம் எங்கிருந்து பிறக்கிறது?

மூத்த ஆட்டக்காரர் இயல்பிலேயே கொடியவர் அல்லர். அவர்தம் சினத்திற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறியாமல் அறிவுரை கூறுவதில் பயனில்லை.

மட்டைப்பந்தில் ஒருவர் ஓட்டமின்றி ஆட்டமிழந்தால் அவருடைய அணிக்கு ஓர் ஆள் குறைகிறார்; அவரை வீழ்த்திய பந்துவீச்சாளருக்கு அதனால் கைவலிமை கூடுவதில்லை. டோட்டாவில் அப்படியன்று. ஒரு வீரன் மடிந்தால் அவனை வீழ்த்தியவனுக்குப் பொன்னும் பட்டறிவும் சேரும். அப்பொன்னால் அவன் மேலும் சிறந்த படைக்கலம் வாங்கி, அடுத்த முறை இன்னும் எளிதாக வீழ்த்துவான். மடிந்தவனோ தன் பொன்னில் ஒரு பகுதியை இழந்து, மீண்டும் உயிர்பெறும்வரை வாளாவிருக்க வேண்டும். புதியவரின் ஒவ்வொரு பிழையும் எதிரிக்கு ஊட்டமாகிறது. ஆதலின் மற்ற நால்வருக்கும் அவர் எதிரிக்குத் துணைபோகின்றவர்போல் தோன்றுகிறார். 'எதிரிக்குச் சோறூட்டுபவன்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அவரை 'ஃபீடர்' என்று இகழ்வதும் இதனால்தான்.

இங்கேதான் நாம் வேறுபடுகிறோம். அறியாமையால் செய்த பிழையும் அழிக்கும் நோக்கோடு செய்த தீங்கும் விளைவில் ஒன்றாயினும் தன்மையில் ஒன்றல்ல. அறியாதவன் பகைவன் அல்லன். இவ்வேறுபாட்டை உணராதவர் எவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரராயினும் தலைமைக்குத் தகுதியற்றவர் என்போம். மேலும், ஏச்சு ஆட்டத்தையும் கெடுக்கிறது. திட்டு வாங்கியவரின் கண் களத்தில் நில்லாமல் கடிதல் மொழியிலேயே நிற்கும். ஏழாம் முறையும் அவர் மடிவார்.

நன்னூல் காட்டும் கணக்கு

தமிழ்த்துறை மாணவர்க்குப் பவணந்தி முனிவரின் நன்னூலை நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறது. இடமும் காலமும் அறிந்து, முகமலர்ந்து, கொள்பவனின் கொள்ளும் அளவு அறிந்து கொடுப்பதே கற்பித்தல் என்கிறது. அந்நால்வரும் செய்தது இதற்கு நேர்மாறு. போரின் நடுவே, முகம் சுளித்து, கொள்ள இயலாத அளவைத் தலையில் கொட்டினர்.

அதே பாயிரம் மாணவனின் கல்விக்கு ஒரு கணக்கும் கூறுகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் வருவது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு விளங்க உரைப்பதால் வருவது எஞ்சிய அரைப்பங்கு. இக்கணக்கின்படி, தாம் அறிந்ததைப் புதியவர்க்குச் சொல்லிக்கொடாத மூத்த ஆட்டக்காரர் எத்தனை ஆண்டு ஆடினும் அரைக்கல்வியரே. கையால் செய்வதை வாயால் விளக்க முற்படும்போதுதான், தாம் பழக்கத்தால் மட்டுமே செய்துவந்தவை எவை, காரணம் அறிந்து செய்தவை எவை என்பது அவர்க்கே புலப்படும்.

கற்பிக்கும் முறை

இனி, எவ்வாறு கற்பிப்பது என்பதைச் சொல்வோம்.

முதலாவது, இடம். மதிப்பெண் உயர்வும் தாழ்வும் தரும் தரவரிசை ஆட்டத்திற்குப் புதியவரை அழைத்துச் செல்லுதல் தவறு. கணினியே எதிரணியாக நின்று ஆடும் பயிற்சி ஆட்டம் இருக்கிறது. அங்கே நால்வரும் அவரோடு இறங்கலாம். "எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதை ஏன் பிறர்க்காக வீணாக்க வேண்டும்?" என்று கேட்கும் மூத்தவர்க்கும் இதுவே விடை. அவருடைய தரவரிசை ஆட்டத்தை நாம் கேட்கவில்லை. வாரத்தில் ஓர் இரவைக் கேட்கிறோம்.

இரண்டாவது, அளவு. நூற்றிருபது வீரரையும் காட்டி மிரட்டாமல், ஒருவனைக் கொடுத்து அவனோடு பத்து ஆட்டமேனும் பழகவிடுதல் வேண்டும். 'ரெயித் கிங்' என்னும் வீரன் இதற்கு ஏற்றவன். அவனுக்கு இயக்க வேண்டிய ஆற்றல்கள் குறைவு. உரிய நிலையை எட்டியபின், வீழ்ந்தாலும் ஒருமுறை தானே எழுந்து நிற்பான். பத்து மந்திரங்களைச் சேர்க்கைகளால் ஆக்கவேண்டிய 'இன்வோக்கர்' போன்றோரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வரிசை. முதற்பாடம் சாகாதிருத்தல். எதிரி வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாதபோது அவன் நம்மை நோக்கி வருகிறான் என்றே கொண்டு பின்வாங்குதலும், கோட்டைக்குத் திரும்பும் ஓலையை எப்போதும் கையில் வைத்திருத்தலும் இதில் அடங்கும். இரண்டாம் பாடம் 'கடைசி அடி'. அரை நிமிடத்திற்கு ஒருமுறை புறப்பட்டு வரும் சிறு படையாளரை வீழ்த்தும் இறுதி அடியை அடித்தவனுக்கே பொன் உண்டு என்பதைப் புதியவர் தாமே உணர்வதில்லை. வெற்றுக் களத்தில் பத்து நிமிடம் அதை மட்டுமே பழகினாலும் போதும். மூன்றாம் பாடம் வரைபடத்தை நோக்குதல். பொருள் வாங்கும் கல்வி இவற்றிற்கெல்லாம் பின்னரே. அதுவரை விளையாட்டினுள்ளேயே கிடைக்கும் வழிகாட்டிப் பட்டியலைப் பின்பற்றச் செய்யலாம்.

ஒரு வழக்கத்தையும் இங்கே மறுத்தாக வேண்டும். பொன்னில் கடைசிப் பங்கு பெறும் ஐந்தாம் இடத்தைப் புதியவரிடம் தள்ளிவிடுவது பரவலான வழக்கம். அங்கே அவர் இறந்தாலும் இழப்புக் குறைவு என்பது கணக்கு. ஆனால் துணைநிற்போர்க்குரிய அவ்விடத்தின் கடமை, களமெங்கும் 'வார்டு' என்னும் காவற்கண்களை நட்டு எதிரியின் நடமாட்டத்தை அணிக்குக் காட்டுவதாகும். எங்கே நடுவது என்பதை அறியக் களம் முழுவதையும் அறிந்திருக்க வேண்டும். அறியாதவரிடம் வழிகாட்டும் வேலையைக் கொடுத்துவிட்டு வழி தெரியவில்லையே என்று வைவது முறையா?

நான்காவது, காலம். போர் நடக்கையில் ஒரு சொல் போதும்: "பின்னே வா." விளக்கம் எல்லாம் ஆட்டம் முடிந்தபின். முடிந்த ஆட்டத்தை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வசதி இவ்விளையாட்டில் உண்டு. ஒரு பிழையை மட்டும் எடுத்துக் காட்டுக. செய்த நல்லது ஒன்றையும் உடன் காட்டுக. இருபது பிழைகள் இருக்கலாம். மற்ற பத்தொன்பதும் அடுத்த நாளைக்குக் காத்திருக்கும்.

புதியவர்க்கும் கடமை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. கேட்டதைச் செய்துபார்த்தல் வேண்டும். முன்பின் அறியாதார் இழித்துரைப்பின் அவர் குரலை அடக்கும் பொத்தான் இருக்கிறது. அதைத் தயங்காது அழுத்துதல் வேண்டும்.

பொறி கற்ற பாடம்

2019 ஏப்ரலில் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. 'ஓப்பன்ஏஐ' நிறுவனம் உருவாக்கிய 'ஓப்பன்ஏஐ ஃபைவ்' என்னும் செயற்கை அறிவு அணி, முந்தைய ஆண்டின் உலக வாகையரான 'ஓஜி' அணியை, வீரர் தேர்வைச் சிலரோடு வரையறுத்த டோட்டா 2 ஆட்டத்தில், இரண்டுக்குச் சுழியம் எனத் தோற்கடித்தது. அப்பொறி கற்ற முறையே நமக்குப் பாடம். தன்னோடு தானே ஆடி, ஒவ்வொரு நாளும் 180 ஆண்டுக்கால ஆட்டத்திற்கு நிகரான பயிற்சியை அது பெற்றதாக அதை ஆக்கியோர் 2018-இல் தெரிவித்தனர். பொறிக்கே இவ்வளவு பயிற்சி தேவைப்பட்டதெனில், ஓரிரவில் தேர்ச்சி பெறவில்லை என்று ஒரு மாணவரைக் கடிவது எவ்வாறு பொருந்தும்?

அதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்றுண்டு. ஐந்து வீரரும் தத்தம் நலனைக் கருதுவதா, அணியின் நலனைக் கருதுவதா என்பதை அளவிட அவர்கள் ஓர் எண்ணை அமைத்து, அதற்கு 'அணியுணர்வு' என்று பொருள்படும் பெயரிட்டனர். பயிற்சியின் தொடக்கத்தில் அவ்வெண் சுழியம். படிப்படியாக உயர்த்தி ஒன்று வரை கொண்டுசென்றனர். முதலில் ஒவ்வொருவரும் தன் கைவேலையைக் கற்க வேண்டும். அதன்பின்னரே அணிக்காக ஆடும் கலை வாய்க்கும். முதல் நாளிலேயே ஒரு புதியவரிடம் முழு அணியுணர்வையும் எதிர்பார்ப்பது, எழுத்துக்கூட்டிப் படிப்பவனிடம் யாப்பை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும்.

பெரியோர் ஐயம்

"இவ்விளையாட்டே வேண்டாமே, இதற்குக் கற்பித்தல் வேறா?" என்று பெரியோர் கேட்கக்கூடும். அவ்வையம் நேரியதே. இரவுத் தூக்கத்தையும் வேளைக்கடமைகளையும் விழுங்கும் எதையும் நாம் போற்றமாட்டோம். எனினும், பணம் வைத்து ஆடும் சூதோடு இதனைச் சேர்த்து எண்ணுதல் பொருந்தாது. 2025-இல் இயற்றப்பட்ட இந்திய இணைய விளையாட்டுச் சட்டமும் பண விளையாட்டுகளை விலக்கி, மின்விளையாட்டுப் போட்டிகளை அவற்றினின்று பிரித்தே வைத்துள்ளது. 2023-இல் நடைபெற்ற ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் டோட்டா 2 பதக்கத்திற்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. இதில் எல்லா வீரரும் எல்லார்க்கும் இலவசம். பணம் கொடுத்து வலிமை வாங்க இயலாது. ஆயினும் வீரர்க்குரிய அணிமணிகள் விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றில் மாணவர் தம் கைப்பணத்தைக் கரைத்துவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் எப்படியும் ஆடுகின்றனர். அவர்கள் ஆடுமிடத்தில் கற்றுக்கொள்வது இழித்துரைப்பதையா, எடுத்துரைப்பதையா என்பதே நம் கேள்வி. இரவில் ஒரு தம்பியைச் சிறுமைப்படுத்திப் பழகிய நாவு, காலையில் கருத்தரங்கில் தட்டுத்தடுமாறும் மற்றொரு தம்பியைக் கண்டும் அவ்வாறே சிரிக்கும். நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் அமரும்போது, அறியாது வந்து நிற்பவரையும் அவ்வாறே விரட்டும்.

முடிவாக, மூத்த மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். இப்பக்கத்தை மூடியதும், உங்கள் ஏச்சுக்கு அஞ்சி ஒதுங்கிய ஒருவர் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். உண்டெனில் அவர் அறைக்கதவைத் தட்டுங்கள். "அன்று தவறு எங்களுடையது, வா, முதலிலிருந்து தொடங்குவோம்" என்று சொல்லுங்கள். அவர் மீண்டும் ஆட வராமற் போகலாம். அது அவர் விருப்பம். மறுநாள் உணவுக்கூடத்தில் உங்கள் மேசையில் வந்து அமர்ந்தாரானால், அதுவே போதும்.