செஞ்சிக்கு எதுக்குங்க பிரக்கோலி?

"தினமும் ஒரு கப் பிரக்கோலி சாப்பிடுங்க. ரத்தம் ஊறும், எலும்பு பலமாகும், சுகர் குறையும், கேன்சர் கிட்டயே வராது."

இப்படி ஒரு வீடியோ சென்னை அபார்ட்மென்ட்டில் சுற்றினால் பரவாயில்லை. கீழே இறங்கினால் சூப்பர் மார்க்கெட், அங்கே ஏசி அலமாரி. அதே வீடியோ வாட்ஸ்அப்பில் பயணம் செய்து செஞ்சிக்கும் வந்துவிடுகிறது. நெல்லும் மணிலாவும் (அதாங்க, வேர்க்கடலை) மூட்டை மூட்டையாக விற்பனைக்கூடத்துக்கு வரும் ஊர் இது. இங்கே வீட்டில் ஒரு கர்ப்பிணியோ சுகர்காரரோ இருந்தால், பிரக்கோலி வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் வீடியோவோடு சேர்ந்து இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சி தேவையே இல்லை. கணக்கு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் "ரத்தம் ஊறும்". 100 கிராம் பிரக்கோலியில் இருக்கும் இரும்புச்சத்து சுமார் 0.7 மில்லிகிராம். வயது வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் தேவை என்று 2020-ல் ஐ.சி.எம்.ஆர். சொன்னது. பிரக்கோலியை மட்டுமே நம்பினால் தினமும் நாலு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எட்டரை கிலோ பிரக்கோலிக்குச் சமம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நிலைமை இப்படி இருக்க, "மாத்திரை சூடு, காய்கறியிலேயே சரி பண்ணிக்கலாம்" என்று ஒரு பெண்ணை மாத்திரையை நிறுத்த வைக்கும் எந்த வீடியோவும் ஆரோக்கியக் குறிப்பு இல்லை, கெடுதல்.

அடுத்தது எலும்பு, அதாவது கால்சியம். பிரக்கோலியில் 100 கிராமுக்கு 47 மில்லிகிராம். செஞ்சியில் எத்தனையோ வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரையில் 300-க்கு மேல். உடனே பிரக்கோலி பக்தர் ஒருவர் எழுந்து, "கீரையில் ஆக்சலேட் இருக்கு, அந்தக் கால்சியம் உடம்பில் ஒட்டாது" என்பார். நியாயமான பேச்சுதான். பிரக்கோலியில் ஆக்சலேட் குறைவு, அதன் கால்சியத்தில் பாதிக்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்கிறது. ஆனால் 47-ல் பாதிக்கு மேல் என்றாலும் 30-ஐத் தாண்டாது. முருங்கைக் கீரையின் 300-ல் பத்தில் ஒரு பங்கு ஒட்டினாலே கணக்கு சரிக்குச் சரி. கொல்லையில் பறித்தது, காசு கிடையாது, லாரி வாடகை கிடையாது.

லாரி என்றதும் ஞாபகம் வருவது வெயில். பிரக்கோலி குளிர் கேட்கும் பயிர். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளிலும் ஓசூர் பக்கமும்தான் அதற்குத் தோது. பறித்த பிறகும் அந்தப் பூ வேகமாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். பூஜ்யம் டிகிரி அருகில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும், சாதாரண வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் மஞ்சள் தட்டிவிடும். அது மலை இறங்கி, மார்க்கெட் மாறி, சித்திரை வெயிலில் செஞ்சி வந்து சேரும்போது வீடியோவில் சொன்ன சத்தில் எவ்வளவு மிச்சம்? 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை இது. ராஜகிரி அடிவாரத்தில் இன்றும் நிற்கும் களஞ்சியங்களைப் பார்த்தவர்களுக்கு, கெடாத சாப்பாட்டின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை :-)

சரி, கேன்சர் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் பிரக்கோலிக்கு உண்மையிலேயே ஒரு பெருமை இருக்கிறது. 1992-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலே குழுவினர் பிரக்கோலியிலிருந்து சல்ஃபோராபேன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை அது தூண்டிவிடுகிறது. சோதனைச் சாலையில் அருமையாக வேலை செய்கிறது. அதனால் பிரக்கோலி சாப்பிட்டவருக்குக் கேன்சர் வராது என்று அர்த்தமா? இல்லை. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

இன்னொரு கூத்து. பிரக்கோலிக்குள் சல்ஃபோராபேன் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. வெட்டும்போதும் மெல்லும்போதும் மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்துதான் அது உருவாகிறது. அதிகச் சூட்டில் அந்த நொதி செத்துவிடும். வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்கி வந்து, காலிஃபிளவர் மாதிரி கொதிக்கும் தண்ணீரில் போட்டு, குழைய வேகவைத்து, தண்ணீரைச் சிங்க்கில் கொட்டினால் நொதி போச்சு, வைட்டமின் சி-யில் பெரும்பங்கும் போச்சு. மிச்சம் இருப்பது நார்ச்சத்தும் விலையும்தான்.

பலருக்குத் தெரியாத சங்கதி, தாவரவியல் வரிசையில் முருங்கையும் பிரக்கோலிக்குத் தூரத்துச் சொந்தம். கடுகு, கோஸ், முள்ளங்கி எல்லாம் இருக்கும் அதே பிராசிகேல்ஸ் வரிசை. முருங்கையிலும் இதே ஜாதி கந்தகச் சேர்மங்கள் உண்டு. பிரக்கோலி முளைகளை ஆராய்ந்த அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஜெட் ஃபாஹே, 2005-ல் முருங்கையைப் பற்றியும் ஒரு விரிவான மருத்துவ ஆய்வுக் கட்டுரை எழுதினார். முருங்கை கேன்சரைத் தடுக்கும் என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அங்கே செல்லாத வாதம் இங்கேயும் செல்லாது.

சுகர்? 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுதான் எல்லா வீடியோவுக்கும் மூலதனம். உடல் பருமனும் கட்டுப்படாத சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது பொரியல் இல்லை, பிரக்கோலி முளைகளிலிருந்து எடுத்த செறிவான சாறு. அந்த அளவைப் பூவாகத் தின்பதென்றால் கிலோக்கணக்கில் போகும்.

எதிர்க் கோஷ்டியும் சும்மா இல்லை. "பிரக்கோலி தின்றால் தைராய்டு கெட்டுப்போகும்" என்று பயமுறுத்துகிறார்கள். அயோடின் உப்பு சேர்க்கும் வீட்டில், வேகவைத்து அளவாகச் சாப்பிடுபவருக்கு அந்தப் பயம் அநாவசியம். சிலருக்கு வாயு தொல்லை தரும், அவ்வளவே. நிஜமாகவே கவனிக்க வேண்டியவர்கள் இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள். பிரக்கோலியில் வைட்டமின் கே அதிகம். இன்று ஒரு கிண்ணம், அடுத்த வாரம் பூஜ்யம் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் மருந்தின் அளவு குழம்பிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரே அளவில் சாப்பிட வேண்டும். முருங்கைக் கீரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஊர்க் கீரை என்பதால் சலுகை கிடையாது.

பிரக்கோலி கெட்ட காய் இல்லை. 100 கிராமில் 34 கலோரிதான், வைட்டமின் சி 89 மில்லிகிராம், ஃபோலேட்டும் உண்டு. ஆனால் அதே எடை கொய்யாவில் வைட்டமின் சி 200-க்கு மேல். கீரைச் சோற்றுக்குப் பிறகு ஒரு கொய்யா தின்றால், கீரையின் இரும்பை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். காசு அளந்து செலவு செய்யும் வீட்டில் ஒரு பிரக்கோலிப் பூவுக்குப் போகும் பணம் முட்டைக்கோ பயறுக்கோ போனால் லாபம் அதிகம்.

பிடித்திருக்கிறது, வாங்க வசதியும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். மஞ்சள் தட்டாத பூவாகப் பார்த்து, சிறு சிறு துண்டாக வெட்டி முக்கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, இட்லிப் பானையில் மூன்று நாலு நிமிடம் ஆவி காட்டினால் போதும். இறக்கிய பிறகு பச்சைக் கடுகுப் பொடி ஒரு சிட்டிகை தூவினால், சூட்டில் செத்த நொதியின் வேலையைக் கடுகில் இருக்கும் நொதி செய்துவிடும். தாளித்த கடுகு இதற்கு உதவாது. தண்டைத் தூக்கிப் போட வேண்டாம், தோல் சீவி நூக்கல் மாதிரி சாம்பாரில் போடலாம்.