மூடிய புண்ணும் ஆறிய புண்ணும்

கனியம் அகழப்பட்ட நிலங்களைச் சீர்ப்படுத்திய பின்னர், அவற்றைப் பார்த்துவர மாணவரையும் பொதுமக்களையும் அழைத்துச் செல்லும் வழக்கம் பல நாடுகளிற் பெருகி வருகிறது. நமது நாட்டிலும் அது தலைகாட்டியுள்ளது. நாமும் ஒருமுறை உயர்தர வகுப்பு மாணவரோடு அத்தகைய கல்லகழ் நிலம் ஒன்றுக்குச் சென்றோம். நிழல் தரும் மரவரிசை, வண்ணத்துப்பூச்சிகளின் பெயர் எழுதிய பலகை, வழிகாட்டியின் இனிய பேச்சு, முடிவிற் குளிர்பானம் என எல்லாம் செம்மையாகவே நடந்தன. திரும்பும் வேளையில் மாணவி ஒருத்தி, "ஐயா, இந்த ஊர்க் கிணறுகளில் இப்போது தண்ணீர் எப்படி?" என்று வினாவினாள். "அது இன்றைய நிகழ்ச்சியில் இல்லை" என்பதே வழிகாட்டியின் விடை.

அந்த விடையே நம்மை இதனை எழுதத் தூண்டியது. மரம் நடுதலை நாம் பழிக்கவில்லை; நட்ட கைகளை வாழ்த்துகிறோம். ஆனால் புண்ணை மூடுதல் வேறு, ஆற்றுதல் வேறு. மூடியதைக் காட்டி ஆறியதென்று நம்பச் செய்வதையும், அதற்குப் பள்ளிப் பிள்ளைகளைச் சாட்சியாக்குவதையுமே நாம் எதிர்க்கிறோம்.

சுண்ணக்கல் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. அந்நன்னீரின் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ நாற்பதடி மேலெழும் என்பது நிலநீர் ஆய்வாளரின் கணக்கு. இக்கல்லையே காங்கேசன்துறையில் அரசாங்கச் சீமெந்தாலை 1950 முதல், 1990இல் போர் அதனை நிறுத்தும்வரை, வெட்டி எடுத்தது. அதனாற் பல குடும்பங்கள் சோறு உண்டன. நாடெங்கும் வீடுகள் எழுந்தன. அதனை மறப்பது நன்றியன்று. ஆயினும் நீரைக் காத்து நின்ற கற்கூரையைப் பெயர்த்த பள்ளங்கள் வாய் திறந்தே கிடக்கின்றன. அப்பள்ளங்களின் கரையில் நின்று கதை சொல்ல எந்த வழிகாட்டி வருவார்?

இதே வகைச் சுண்ணக்கல் புத்தளத்துக்கு வடக்கேயும் உண்டு. அங்கே அறுவாக்காட்டில் அகழ்ந்து கைவிடப்பட்ட குழிகளுக்கு நேர்ந்த கதி யாது? 2017 ஏப்ரலிற் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டனர். அதன் பின்னர், புத்தளம் மக்கள் தெருவில் இறங்கி மறுத்தும், 2019இல் தலைநகரின் குப்பை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் கடந்து அக்குழிகளை நாடி வந்தது. ஒரு குழியை மரத்தால் நிரப்புவதா, குப்பையால் நிரப்புவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் அக்குழியின் அருகே வாழ்பவனிடம் இல்லை. சிக்கலின் வேர் இதுதான்.

பிற நாட்டார் இவ்வாறு காட்டுவதில்லையா எனக் கேட்போர் உளர். காட்டுகின்றனர். கிழக்கு ஜேர்மனியின் லவுசிட்ஸ் பகுதியிற் பழுப்பு நிலக்கரி அகழ்ந்த பெருங்குழிகள் பல ஏரிகளாக்கப்பட்டு, பயணிகள் திரளாக அழைத்துச் செல்லப்படுகின்றனர். கிழக்கு ஜேர்மனியின் பழைய நிலக்கரிக் குழிகளைச் சீராக்க 1990க்குப் பின் ஆயிரம் கோடி யூரோவுக்கு மேற்பட்ட பொதுப்பணம் செலவாயிற்று. அவ்வளவு கொட்டியும், குழிநிலங்களிற் கசியும் இரும்பு ஸ்பிரே ஆற்றைப் பழுப்பாக்கியது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் முற்றாகவோ பகுதியாகவோ அழிந்தன. அவற்றுட் பல சோர்பியர் என்னும் சிறு மொழியினத்தாருடையவை. ஆயினும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். அகழ்வுக்காகப் பெயர்க்கப்பட்ட ஹோர்னோ என்னும் ஊரார் மீளக் குடியேறிய இடத்தில், மறைந்த ஊர்களுக்கென ஓர் ஆவணக்கூடம் அமைக்கப்பட்டது. ஏரியைக் கண்டவன் அங்கும் சென்றாலன்றோ அவன் கண்டது முழுமையாகும்? நாம் சென்ற பயணத்தில் அவ்வாறான ஓரிடம் இருக்கவில்லை.

அகழ்ந்த நிலத்தைச் சீர்ப்படுத்துதல் அகழ்ந்தவனின் கடமை என்பதை நமது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டமும் ஏற்கிறது. கடமையைச் செய்தவன், கொடை வழங்கியவன் போற் கைதட்டலை எதிர்பார்ப்பது என்ன முறை? கடன் தீர்த்தவன் முதலில் கணக்கைக் காட்டட்டும்.

ஆகவே ஆசிரியராகிய நாம் கேட்பவை சில. அகழ்ந்த பரப்பு எவ்வளவு, சீராக்கியது எவ்வளவு என்னும் கணக்கு வாயிலிலே தொங்கவேண்டும். மரம் நட்ட மூலையோடு, இன்றும் வெடி வைக்கப்படும் முகப்பும் தக்க தூரத்திலிருந்து காட்டப்படவேண்டும். நிறுவனத்தின் வழிகாட்டியோடு அயலூர்க் கமக்காரரும் தொழிலாளரும் அச்சமின்றிப் பேச இடம் வேண்டும். ஊர்க் கிணறுகளின் உவர்ப்பை மாணவர் தாமே அளந்து, ஆண்டுதோறும் குறித்து வைக்க வேண்டும். விஞ்ஞானம் என்பது பலகையிலுள்ள பெயர்களை மனனஞ் செய்வதன்று, அளப்பதும் வினாவுவதுமே.

இவற்றுக்கு இணங்குவோரின் அழைப்பை நாம் மகிழ்வுடன் ஏற்போம். அவர்களிடம் நம் பிள்ளைகள் கற்கவேண்டியவை மிகவுண்டு. இணங்காதோர்க்கு நம் பிள்ளைகளின் கைதட்டல் கிடையாது. அம்மாணவியின் வினா இன்னும் விடையின்றி நிற்கிறது. அடுத்த அழைப்பு வரும்போது நாம் சொல்லவேண்டியது இதுவே: முதலிற் கிணற்றடிக்குப் போவோம், தோப்பைப் பின்னர் பார்க்கலாம்.