மக்கும் என்றால் எங்கே மக்கும்?

‘மக்கும்’ என்னும் சொல் இன்று கடைத்தெருவில் மந்திரம்போல் வழங்குகிறது. கோப்பையின் அடியில் ஒரு பச்சை இலைப் படம், அதன் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் ஆங்கில வரி ஒன்று, அவ்வளவுதான். வாங்குவோர் உள்ளம் குளிர்கிறது. குடித்துவிட்டு எறிவோர் கை முன்னிலும் துணிவு பெறுகிறது. அக்கோப்பை எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும், யார் அதனை மக்கச் செய்வார் என்று கேட்பார் இலர். அதனைக் கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன். காசியில் வேதியியல் பயிலும் மாணவி என்பதும், நாள்தோறும் லங்கா கடைத்தெருவில் தேநீர் அருந்துபவள் என்பதும் தவிர எனக்கு இதில் வேறு தகுதி இல்லை.

தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு இந்தியா முழுமைக்கும் தடை செய்யப்பட்டன. தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் நாளிலேயே இத்தகைய தடை நடைமுறைக்கு வந்துவிட்டது. தடை வேண்டியதே; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயின் மனிதன் ஒன்றைக் கைவிடும்போது அதனிடத்தில் வேறொன்றை வைத்தாலன்றி உறங்கான். அவ்விடத்தில் வந்து அமர்ந்தவை இரண்டு. ஒன்று காகிதக் கோப்பை. அதன் உட்புறம் மெல்லிய பாலித்தீன் பூச்சு உண்டு. இல்லையேல் தேநீர் தாளை ஊறவைத்து நம் மடியில் இறங்கிவிடும். அதைப் பற்றி இவ்வளவு போதும். மற்றொன்றுதான் ‘உயிர்ப் பிளாஸ்டிக்’ என்று அழைக்கப்படும் பொருள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்ற மக்கும் பிளாஸ்டிக்குக்கு விதிகள் இடம் தருகின்றன. உணவுப் பொட்டலத் தொழில் முழுவதும் இன்று அதை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்ப்போம். ஒரு பிளாஸ்டிக் எதிலிருந்து பிறக்கிறது என்பது ஒரு செய்தி. எப்படி அழிகிறது என்பது வேறொரு செய்தி. பிறப்பைக் கொண்டு இறப்பைக் கணிக்க முடியாது. பிரேசில் நாட்டில் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். கரும்பில் பிறந்ததுதான், எனினும் அது பெட்ரோலியப் பாலித்தீனுக்கு எள்ளளவும் வேறுபட்டதன்று, மண்ணில் போட்டால் அதைப்போலவே கிடக்கும். இதற்கு நேர்மாறாக, பி.பி.ஏ.டி. என்னும் பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. ஆனால் தக்க இடத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். ‘மக்காச்சோளப் பை’ என்று விற்கப்படுவனவற்றுள் பல, மாவுச்சத்தும் இந்தப் பி.பி.ஏ.டி.யும் கலந்தவையே. சோளத்தின் பெயரைச் சொல்லிப் பெட்ரோலியத்தையும் சேர்த்து விற்கிறார்கள் என்றால் மிகையாகாது.

இத்துறை புதியதன்று. மரக்கூழிலிருந்து செலோபேன் என்னும் கண்ணாடித்தாளைச் செய்யும் வழியை ஸ்விட்சர்லாந்து நாட்டவரான பிராண்டன்பெர்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுவிட்டார். 1926ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் பாஸ்டர் நிலையத்தில் மோரிஸ் லெமுவான் என்ற அறிஞர் ஒருவகை பாக்டீரியாவின் உடலுக்குள் சிறு மணிகள் இருப்பதை ஆராய்ந்தார். நாம் நெல்லைக் குதிரில் சேர்த்து வைப்பதுபோல, அந்த நுண்ணுயிர் வருங்காலப் பஞ்சத்துக்கு அஞ்சித் தன் உணவைச் சேர்த்து வைத்திருந்தது. அம்மணிகள் பி.எச்.பி. என்னும் பாலியெஸ்டர், உருக்கி வார்க்கத்தக்க உண்மையான பிளாஸ்டிக். ஓர் உயிர் தானே செய்துகொண்ட பொருள் ஆதலின், அதைத் தின்னத் தெரிந்த உயிர்கள் மண்ணிலும் கடலிலும் உள்ளன. இவ்வளவு சிறந்த பொருளை உலகம் ஏன் மறந்தது? பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இக்குடும்பத்துப் பொருளை ‘பயோபால்’ என்ற பெயரில் கொண்டுவந்தது; 1990இல் ஜெர்மனியில் அதனால் செய்த ஷாம்பு புட்டிகூட விற்பனைக்கு வந்தது. விலையில் தோற்றது. இன்றும் அதன் இடர்ப்பாடு விலைதான்.

இன்று கடைகளில் நாம் காணும் தெளிவான ‘மக்கும்’ கோப்பை பெரும்பாலும் பி.எல்.ஏ. எனப்படும் பாலி லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்கச் செய்யும் அதே லாக்டிக் அமிலந்தான் இதன் செங்கல். கரும்புச் சர்க்கரையையோ மக்காச்சோள மாவுச்சத்தையோ நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்க வைத்து, வரும் அமிலத்தைத் தூய்மையாக்கி, மூலக்கூறுகளைக் கைகோத்து நிற்கச் செய்தால் பி.எல்.ஏ. கிடைக்கிறது. இந்தக் கைகோப்பு எஸ்டர் பிணைப்பு எனப்படும். பாலித்தீனில் கார்பனும் கார்பனும் பற்றியிருக்கும் பிடியைத் தண்ணீரால் அவிழ்க்க இயலாது. எஸ்டர் பிடியைத் தண்ணீர் அவிழ்க்கும். நெடுஞ்சங்கிலி முதலில் நீரால் துண்டாக வேண்டும். துண்டுகள் சிறுத்த பிறகே நுண்ணுயிர்கள் பந்திக்கு வரும்.

முழுச் சூழ்ச்சியும் இங்கேதான் இருக்கிறது. பி.எல்.ஏ. சுமார் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையில் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். அந்தச் சூட்டை எட்டினால்தான் சங்கிலிகள் நெகிழ்ந்து தண்ணீருக்கு வழி விடுகின்றன. அதனால்தான் ‘மக்கும்’ என்று சான்றளிப்பதற்கான சோதனையை 58 டிகிரி சூட்டில் நடத்துகிறார்கள். அங்கே 180 நாளுக்குள் பொருளின் கார்பனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கரியமில வாயுவாக மாறிவிட வேண்டும் என்பது விதி. காசியின் மே மாத வெயில் கொடியது. தென்னாட்டிலிருந்து வந்த எனக்கு அது முதலாண்டில் நரகமாகவே இருந்தது. அவ்வெயிலும் 45 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆகவே சான்று பொய்யன்று. அச்சான்று ஓர் உரத் தொழிற்சாலையின் பெருங்குவியலைப் பற்றிப் பேசுகிறது. நாம் அதை நம் வீட்டுக் கொல்லையைப் பற்றியதாகப் படிக்கிறோம்.

பெருங்குவியல் ஏன் சூடாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உணவுக் கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது வெப்பம் பிறக்கிறது. ஒரு தம்ளர் பால் விரைவில் ஆறிவிடும்; ஒரு குண்டான் பால் ஆற நெடுநேரமாகும் அன்றோ? அதுபோலவே சிறு குழி தன் வெப்பத்தை இழந்துவிடும். ஆளுயரக் குவியல் அதைக் காத்துக்கொள்ளும். காற்றும் ஈரமும் தந்து, அடிக்கடி புரட்டி, அவ்வெப்பத்தை நாட்கணக்கில் நிறுத்தி வைக்க ஆளும் இடமும் வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதித் தோட்டத்து உரக்குழியில் இதைச் சோதித்துப் பார்த்தேன். சான்று முத்திரை பொறித்த கோப்பை ஒன்றையும், கச்சோரிக் கடையில் வாங்கிய சால இலைத் தொன்னை ஒன்றையும் ஒரே நாளில் ஒரே குழியில் அருகருகே புதைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் தொன்னையின் நரம்புகள்கூட எஞ்சவில்லை. அதைத் தைத்திருந்த ஈர்க்குச்சி மட்டும் கிடந்தது. எட்டுத் திங்கள் கழித்துக் கோப்பையை எடுத்துக் கழுவினேன். பொறித்திருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. ஒரு குழியில் ஒரு கோப்பை என்பது ஆராய்ச்சி ஆகாது என்று என் ஆசிரியர் சொன்னார், உண்மைதான். ஆனால் நூலில் படித்ததைக் கண்ணால் கண்டேன்.

மக்காவிட்டால் என்ன, பழைய பிளாஸ்டிக்கைப் போல அதுவும் கிடந்துவிட்டுப் போகிறது என்று எண்ணுவோர் உளர். அப்படி விட்டுவிட முடியாது. அது கிடப்பதோடு நில்லாமல், பிறர் பிழைப்பையும் கெடுக்கிறது. நம் நகரங்களில் குப்பையைப் பொறுக்கிப் பிரித்து வாழும் மக்கள் பல்லாயிரவர். தெளிவான தண்ணீர்ப் புட்டிதான் அவர்களுக்கு நல்ல விலை தருவது. அது பெட் என்னும் பிளாஸ்டிக். பி.எல்.ஏ. கோப்பையும் அதுபோலவே பளபளக்கும். கண்ணால் வேறுபாடு காண இயலாது. தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாம் என்றால், இரண்டும் மூழ்கும்: பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, பி.எல்.ஏ.யின் அடர்த்தி சுமார் 1.24. பெட்டை உருக்க ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும், அச்சூட்டில் பி.எல்.ஏ. சிதைந்து, உருகிய பெட்டை மங்கலாக்கி மஞ்சளாக்கிவிடும். கழிவு வாங்கும் வணிகர் நட்டத்தைத் தாம் ஏற்பாரா? அது பொறுக்கியவரின் கூலியில்தான் இறங்கும். விளிம்பில் வாழும் அம்மக்களின் சோற்றில், நம் பசுமை ஆர்வம் கையை வைக்கிறது. இதைப் பேசாத எந்தப் பசுமை விளம்பரத்தையும் நான் நம்பத் தயாராக இல்லை.

பிறகு உணவின் பக்கம். பொட்டலத்தின் வேலை அழகு காட்டுவதன்று. உணவு கெடாமல் காப்பது. வறுவலுக்கு ஈரம் பகை. எண்ணெய்ப் பண்டத்துக்கு ஆக்சிஜன் பகை. பி.எல்.ஏ. படலம் பாலித்தீனைவிடப் பல மடங்கு ஈரத்தை உள்ளே விடும்; சூடான தேநீர் ஊற்றினால் சாதாரணப் பி.எல்.ஏ. கோப்பை குழைந்துவிடும். இவற்றுக்கு மாற்றுக் கண்டிருக்கிறார்கள். கண்ட மாற்று விலையை உயர்த்துகிறது. அமெரிக்காவில் ‘சன் சிப்ஸ்’ வறுவலை இத்தகைய பையில் விற்றபோது வேறொரு வேடிக்கை நடந்தது. பையைத் தொட்டால் எழுந்த மொரமொரப்பு ஓசையைப் பொறுக்க மாட்டாமல் மக்கள் குறை கூற, 2010இல் அந்தப் பையைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உலகைக் காக்கும் முயற்சி வறுவல் பையின் சத்தத்தில் தடுக்கி விழுந்தது!

‘பாலிமர் பயில்பவளே பாலிமரைப் பழிக்கலாமா?’ என்று என் அறைத்தோழி கேட்கிறாள். பழிக்கவில்லை. இதே உத்தரப்பிரதேசத்தில், லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில், கரும்பிலிருந்து ஆண்டுக்கு 75,000 டன் பி.எல்.ஏ. செய்யும் ஆலையை நிறுவப் போவதாக ஒரு சர்க்கரை நிறுவனம் 2024இல் அறிவித்தது. அவ்வாலை ஓங்குக என்றே வாழ்த்துகிறேன். என்னைப் போன்றோருக்கு அங்கே வேலை கிடைத்தாலும் நன்று. என் கேள்வி ஒன்றே: 75,000 டன் செய்ய இடம் கண்டவர்கள், அதை மக்கச் செய்ய எங்கே இடம் கண்டார்கள்? ஆலையோடு உரக்கூடத்துக்கும் ஒரு கல் நாட்டட்டும். எஞ்சிய உணவும் தட்டும் ஒரே வாயிலில் வெளியேறும் இடங்கள் உண்டு: பெரிய ஆலைகளின் உணவுக்கூடம், விளையாட்டரங்கம், இரயில் வண்டி. அங்கே பிரிக்கும் தொல்லையில்லாமல் இரண்டையும் ஒருசேர உரக்கூடத்துக்கு அனுப்பலாம். உயிர்ப் பிளாஸ்டிக்கின் இயற்கையான வீடு அதுவே. தெருமுனைக் கடைக்கும் ஆற்றங்கரைக்கும் அதை அனுப்புவது, நீந்தத் தெரியாதவனைக் கங்கையில் தள்ளுவது போன்றது. ஆற்றங்கரைக்கு ஒரு பிளாஸ்டிக் வேண்டியே தீரும் என்றால், லெமுவான் கண்ட குடும்பத்திலிருந்து வரட்டும். ஆராய்ச்சிப் பணத்தை அதன் விலையைக் குறைப்பதில் செலவிடலாம். கோப்பையில் பொறிக்கும் வரியையும் தேநீர்க் கடைக்காரர் படிக்கும் மொழியில், கண்ணுக்குத் தெரியும் அளவில், ‘எங்கே மக்கும்’ என்பதோடு சேர்த்துப் பொறிக்கட்டும்.

பழமையே சிறந்தது என்று நான் பாடவரவில்லை. இங்கே குளிர்காலத்தில் ‘மலையோ’ என்னும் பாலாடை நுரையை மண்குவளையில் தருவார்கள். அதன் சுவைக்கு ஈடில்லை. 2019இல் வாரணாசி, ரேபரேலி இரயில் நிலையங்களில் மண்குவளையை மீண்டும் புகுத்தவும் செய்தார்கள். ஆனால் சுட்ட மண் மீண்டும் வயல்மண் ஆவதில்லை. சூளைக்கு விறகு வேண்டும், வளமான களிமண்ணும் வேண்டும். குயவர் பிழைக்கிறார் என்பது அதன் பெருமை. மக்கும் என்பது அதன் பெருமையன்று. இலையின் கதை வேறு. எங்கள் நெல்லைச் சீமையில் கருப்பட்டிக்குப் பனையோலைப் பெட்டி, கட்டுச்சோற்றுக்கு வாழையிலை. இங்கே சால இலையில் ‘தோனா’. நம் தொன்னைக்கு உறவு என்பது ஒலியிலேயே தோன்றுகிறது. ஒடிசா, ஜார்க்கண்டுக் காடுகளில் பழங்குடிப் பெண்கள் அவ்விலையைப் பறித்துத் தைத்து விற்கிறார்கள். 58 டிகிரி வேண்டும் என்று அது எவரையும் கேட்பதில்லை. இப்போது அதையும் வெள்ளிப் பூச்சிட்ட தாள் தொன்னை விரட்டிக்கொண்டிருக்கிறது.

நம் மன்றத்தின் பொங்கல் விருந்து நெருங்குகிறது. ‘மக்கும் பிளாஸ்டிக்’ தட்டு 250 வாங்கலாம் என்று ஒரு திட்டம் செயற்குழுவின் முன் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். நம் வளாகத்துக் குப்பை வண்டி அவற்றைச் சுமந்து செல்வது ஓர் உரத் தொழிற்சாலைக்கு அன்று என்பது எல்லார்க்கும் தெரியும். சால இலைத் தட்டு கோதௌலியாவில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. சாம்பாருக்கும் பாயசத்துக்கும் விடுதிச் சமையலறையின் எவர்சில்வர் கிண்ணங்களை ஒரு நாளைக்கு இரவல் கேட்கலாம். கழுவித் தருவதாக இருந்தால் தருவார்கள். கழுவுவோர் பட்டியலில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்க. இரண்டாம் பெயர் செயலாளருடையதாக இருக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.